திறந்து பார்க்கும் உரிமை



வட சென்னையின் கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ கைபேசி வாங்கக் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நாலு விஷயங்களையே சுற்றி வரும். சார்ஜ் ஒரு நாள் முழுக்க நிக்குமா? கீழ விழுந்து டிஸ்ப்ளே போனா மாத்த எவ்வளவு ஆகும்? பார்ட்ஸ் கிடைக்குமா? ரெண்டு வருஷம் கழிச்சுக் குடுத்தா என்ன விலைக்கு எடுப்பாங்க? முதல் கேள்விக்குப் பெட்டியில் அச்சிட்ட ஏதோ ஓர் எண்ணைக் காட்டுவார்கள். மற்ற மூன்றுக்கும் பெட்டியிலும் பதில் இல்லை, விளம்பரத்திலும் இல்லை. கேமராவில் எத்தனை மெகாபிக்சல், திரை எவ்வளவு பளிச்சென்று தெரியும், உள்ளே இருக்கும் சில்லு என்ன வேகம் என்பவைதான் அங்கே பெரிய எழுத்தில் இருக்கும். இந்த நாலு கேள்விகளையும் கையில் காசு குறைந்தவர்களின் கவலை என்று ஒதுக்கிவிடுவது வழக்கமாக இருக்கிறது. ஒரு கருவியைப் பற்றிக் கேட்கக்கூடிய மிகச் சரியான தொழில்நுட்பக் கேள்விகள் இவைதான் என்றும், விற்பதற்கு முன்பே இவற்றுக்கு எழுத்தில் பதில் தருவதை உற்பத்தியாளரின் கடமையாகச் சட்டம் ஆக்க வேண்டும் என்றும் இந்த உரையில் வாதிட வருகிறேன்.

கைபேசியை நுகர்பொருள் என்று வகைப்படுத்துகிறோம். இந்த வட்டாரத்தில் அது வேலைக் கருவி. துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுநருக்கு அடுத்த லோடு எங்கே என்ற செய்தி அதில்தான் வருகிறது. காசிமேட்டில் மீன் விற்கும் பெண்மணி காசை அதில்தான் வாங்குகிறார். உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞருக்கு வேலை கொடுப்பதும், வழி காட்டுவதும், கூலிக் கணக்கு சொல்வதும் அதுதான். வங்கிக்கும் ஆதாருக்கும் வேண்டிய ஓடிபி வந்து விழுவதும் அதில்தான். 2016இல் யுபிஐ வந்தபோது அது ஒரு கூடுதல் வசதி; பத்து ஆண்டுக்குள் அது இல்லாமல் கடை நடத்த முடியாத நிலை வந்துவிட்டது. ஆகவே போன் நின்றுபோனால் கூலி நின்றுபோகிறது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் ஒரு வாரம் ஆகும் என்றால், அந்த ஒரு வாரத்துக்கு அரிசி வாங்கக் காசு எங்கிருந்து வரும் என்பதும் அந்தப் பழுதின் விலையில் சேர்ந்ததே. அதே பழுதைத் தெருமுனைக் கடையில் ஒரு மணி நேரத்தில் சரிசெய்ய முடிவது, இங்கே வாழ்கிறவர்களுக்கு மெகாபிக்சலைவிடப் பல மடங்கு பெரிய சிறப்பு. மாற்றுப் போன் மேஜையில் தயாராக இருப்பவர்கள் எழுதும் மதிப்பீடுகளில் இந்தக் கணக்கு வராது.

கெட்டுப்போனால் என்ன செய்வது என்று வாங்கும்போதே யோசிக்கும் வழக்கம் வட சென்னைக்குத் தொழில் வழியாக வந்தது. 1856இல் ராயபுரத்தில் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. பெரம்பூர் ரயில்வே பணிமனையும் அந்தக் காலத்ததே. சுதந்திரத்துக்குப் பிறகு எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, அங்கேயே எம்.ஆர்.எஃப் என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. இங்கே செய்த லாரியும் புல்லட்டும் திறக்கப்படுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஸ்பேனரும் திருப்புளியும் கைப்பழக்கமும் இருந்தால் இன்ஜினை இறக்கலாம், தேய்ந்ததை மாற்றலாம், மறுபடி ஏற்றலாம். ஆலைக்குள் வேலை கற்றவர் வெளியே வந்து பட்டறை வைத்தார். பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த பையன் மெக்கானிக் ஆனான். ஆலை ஒரு முறை விற்ற வண்டியைப் பட்டறைகள் இருபது, முப்பது வருடம் ஓட வைத்தன. அந்த வண்டிகளுக்கு நாடெங்கும் கிடைத்த நற்பெயரில் சரிபாதியைப் பட்டறைக்காரர்கள்தான் சம்பாதித்துக் கொடுத்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மின்னணுப் பொருளிலும் அதே கதைதான். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969இல் உருவான பர்மா பஜாரில் டேப் ரெக்கார்டரும் டிரான்சிஸ்டரும் வாரண்டி இல்லாமலே விற்றன. மக்கள் துணிந்து வாங்கினார்கள். கெட்டால் பிரித்துப் பார்க்க உள்ளூரில் ஆள் உண்டு, மாற்றுச் சாமான் ரிச்சி தெருவில் உண்டு என்ற தெம்புதான் வாரண்டியாக இருந்தது.

கைபேசியும் தொடக்கத்தில் இந்த மரபுக்குள்தான் வந்தது. நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை மூடப்பட்டது. அந்த நிறுவனத்தின் மலிவு விலைப் போன்களில் பின்மூடியை நகத்தால் தள்ளினால் கழன்று வரும். உள்ளே பி.எல்-5சி என்ற பேட்டரி இருக்கும். ஒரே பேட்டரி பற்பல மாடல்களுக்குப் பொருந்தும் என்பதால் பெட்டிக்கடையில்கூடக் கிடைத்தது. அந்தப் போன்கள் சந்தையை விட்டுப் போன பிறகும் பேட்டரி போகவில்லை, சிறிய எஃப்.எம். ரேடியோக்களும் ஸ்பீக்கர்களும் அதே அளவைப் பின்பற்றி வந்தன. அந்தப் பேட்டரிக்கு ஒரு சோதனையும் வந்தது. 2007 ஆகஸ்டில், மட்சுஷிதா நிறுவனம் செய்து கொடுத்த 4.6 கோடி பி.எல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியா அறிவித்தது. இந்தியாவில் பெரும் பதற்றம் ஏற்பட்டது. ஆனால் மக்கள் செய்ய வேண்டியிருந்தது மிக எளிது: மூடியைக் கழற்றி, பேட்டரியின் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து, பட்டியலில் இருந்தால் அதை மட்டும் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்வது. போன் அவர்கள் கையிலேயே இருந்தது.

ஒன்பது ஆண்டு கழித்து 2016இல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 வெளியானது. அதிலும் பேட்டரியில்தான் கோளாறு. ஆனால் பேட்டரியை உடலுக்குள் வைத்து மூடி ஒட்டியிருந்தார்கள். முதல் அறிவிப்பிலேயே சுமார் 25 லட்சம் போன்களை முழுதாகத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மாற்றாகக் கொடுத்தவையும் தீப்பிடிக்கவே, அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்தினார்கள். நல்ல திரை, நல்ல கேமரா, நல்ல சில்லு எல்லாம் பேட்டரியோடு சேர்ந்து வீட்டை விட்டுப் போயின. இரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பேட்டரியில் பிழை நேர்வதை எந்த நிறுவனமும் முற்றாகத் தவிர்க்க முடியாது. நேர்ந்த பிழை ஒரு பாகத்தோடு நிற்பதா, முழுப் பொருளையும் விழுங்குவதா என்பது வடிவமைப்பவர் மேஜையில் முடிவாகிற விஷயம். மூடி ஒட்டுவது பாதுகாப்புக்காக என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

சாதாரண மக்களின் கருத்தை எவ்வளவு எளிதாகத் தள்ளிவிடுகிறோம் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. புது மாடல் வந்ததும் பழைய போன் மந்தமாகிவிடுகிறது, வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று உலகெங்கும் கடைத்தெருக்களில் பேசிக்கொண்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் அதை வதந்தி என்றார்கள். 2017 டிசம்பரில், பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகத் தானே குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாக அது விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கம் தொழில்நுட்ப ரீதியில் பொய்யல்ல. வலுவிழந்த பேட்டரியால் உச்ச வேகத்துக்கு மின்சாரம் தர இயலாது என்பது உண்மை. ஆனால் அதை வாங்கியவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றியிருப்பார்கள். சொல்லாததால் பலர் போனையே மாற்றினார்கள். உண்மை வெளிவந்த பிறகு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். தகவலை மறைத்த குற்றத்துக்காக பிரான்ஸ் அரசு 2020 பிப்ரவரியில் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதற்கு முன்பே, 2018இல், பழைய போன்களை மந்தமாக்கிய மென்பொருள் புதுப்பிப்புகளுக்காக இத்தாலி ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் அபராதம் போட்டிருந்தது. காரணத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாவிட்டாலும், கையில் வைத்துப் புழங்குகிறவர்கள் நடந்ததைச் சரியாகவே கண்டார்கள். லட்சக்கணக்கான கைகளில் தினமும் நடக்கும் சோதனைக்கு ஆய்வகத்தின் சான்றைப் போலவே மதிப்பு உண்டு.

பழுதுபார்க்க முடியாத பொருள் எங்கே போகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் கொடுங்கையூர் இருக்கிறது. முன்னூறு ஏக்கருக்கும் மேல் விரிந்த அந்தக் குப்பைக் கிடங்கு பல பத்தாண்டுகளாக மாநகரத்தின் வடபாதிக் கழிவைச் சுமக்கிறது. அங்கே எரி உலை அமைக்கும் திட்டத்தை அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் எதிர்த்து வந்திருக்கிறார்கள். அவர்கள் எதிர்ப்பு நியாயமானது. மின்னணுக் கழிவில் பெரும்பகுதி நேராகக் கிடங்குக்கும் போவதில்லை. காயலாங்கடையில் எடைக்கு விழுந்து, செம்புக்காகவும் அலுமினியத்துக்காகவும் பிரிக்கப்பட்டு, கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக்கை எரித்து, மிஞ்சியது கால்வாய் ஓரத்துக்கு வருகிறது. டெல்லி, கொல்கத்தா, மும்பை, சென்னை ஆகிய நகரங்களில் மின்கழிவு பிரிக்கும் இடங்களிலும் குப்பைக் கிடங்குகளிலும் மண்ணைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று பிசிபி, டயாக்சின் போன்ற கொடிய நச்சுகளை அங்கே பதிவு செய்தது. உலக அளவில் 2022இல் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவு உருவானது; அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம்தான் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கணக்கிட்டிருக்கிறது. வாங்கியவர் அண்ணா நகரில் இருக்கலாம், அடையாறில் இருக்கலாம். கம்பி எரிந்த புகை கொருக்குப்பேட்டைக் குழந்தையின் மூச்சில் ஏறுகிறது.

அரசும் இதில் பங்காளி. 2006 முதல் 2011 வரை தமிழ்நாடு அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கலர் டிவிகளை வழங்கியது. குடிசைக்குள் செய்தியும் சினிமாவும் வந்தன. டிவி மெக்கானிக்குகளுக்குப் பல வருட வேலையும் வந்தது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தப் பெட்டிகளின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருந்தது. தட்டை டிவி வந்து அவை ஓரம் கட்டப்பட்டபோது திரும்ப வாங்கிக்கொள்ள ஏற்பாடு எதுவும் இல்லை. நாட்டின் முதல் மின்கழிவு விதிகள் நடைமுறைக்கு வந்ததே 2012 மே மாதத்தில்தான். அதற்குள் திட்டம் முடிந்துவிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் மாணவர் கைக்குப் போயின. ஒரு தலைமுறைக்குக் கணினியை அறிமுகப்படுத்திய திட்டம் அது. அதன் பேட்டரி தேய்ந்த பிறகு அந்த மாணவர் எங்கே போவது என்ற கேள்வி, திட்டத்தின் அளவுக்குப் பெரிதாக யோசிக்கப்படவில்லை.

சட்டம் என்ன செய்கிறது? 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளருக்கு மறுசுழற்சி இலக்கு வைக்கின்றன. அந்த இலக்கு நிறைவேறியதற்கான சான்று, மீட்டெடுத்த தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் எடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதாவது பொருள் செத்த பிறகுதான் இந்தச் சட்டத்தின் முக்கியக் கணக்கு தொடங்குகிறது. ஒரு போன் இரண்டு வருடம் உழைத்ததா, ஏழு வருடம் உழைத்ததா என்பதை அந்த எடைக் கணக்கு காட்டாது. ஒரு கைபேசி தன் வாழ்நாளில் வெளியேற்றும் கரிமத்தில் பெரும்பகுதி அது செய்யப்படும்போதே வெளியேறிவிடுகிறது என்பதைத் தயாரிப்பு நிறுவனங்களின் சொந்த அறிக்கைகளே சொல்கின்றன. ஆகவே எவ்வளவு நன்றாக உருக்கி மீட்டாலும், இன்னும் இரண்டு வருடம் உழைக்க வைப்பதற்கு அது ஈடாகாது. உருக்குவதைச் சட்டம் ஊக்குவிக்கும்போது, உழைக்க வைக்கும் மெக்கானிக்கை யாரும் கண்டுகொள்வதில்லை.

பழுதுபார்ப்பை அடைத்து வைப்பது குற்றம் என்று இந்தியாவில் ஏற்கெனவே தீர்ப்பு வந்திருக்கிறது. 2014 ஆகஸ்டில், உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுக்குப் போன சில நிறுவனங்களுக்கு அபராதத் தொகை குறைந்தது. குற்றம் குற்றமாகவே நின்றது. காருக்குப் பொருந்திய நியாயம் கைபேசிக்கு ஏன் பொருந்தாது? 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், வாகனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள் ஆகியவற்றோடு கைபேசியும் அதன் வரம்பில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கினார்கள். கைபேசிக்கும் பிற சாதனங்களுக்கும் பழுதுபார்ப்பு மதிப்பெண் கொடுப்பது பற்றி ஆராய்ந்த இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. பிரிப்பது எவ்வளவு எளிது, பாகம் எவ்வளவு நாளில் கிடைக்கும், மென்பொருள் எத்தனை காலம் வரும் என்பவையெல்லாம் அதில் அளவுகோல்களாக இருக்கின்றன. தெருவின் கேள்விகள் அரசின் காகிதத்தில் ஏறத் தொடங்கிவிட்டன. மதிப்பெண்ணை நிறுவனங்களே தாமாக அறிவித்துக்கொள்ளலாம் என்பதோடு அது நின்றுவிடக் கூடாது.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். ஒட்டி மூடினால்தான் தண்ணீர் புகாது, மெலிதாக இருக்கும் என்கிறார்கள். 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 கழலும் பின்மூடியோடும் கழலும் பேட்டரியோடும் தண்ணீரில் தாக்குப்பிடித்தது. ஐரோப்பிய ஒன்றியம்கூட இந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு விதி போடவில்லை. தண்ணீர் புகாத வடிவமைப்பும், ஆயிரம் முறை சார்ஜ் ஏறிய பின்பும் 80 சதவீதக் கொள்ளளவும் இருந்தால் பேட்டரியை வீட்டிலேயே கழற்றும் வசதியிலிருந்து விலக்கு தருகிறது. ஒன்று கழல வேண்டும், இல்லையென்றால் நீண்ட நாள் உழைக்க வேண்டும். இரண்டும் இல்லாத பொருளுக்குத்தான் அங்கே இடமில்லை. மக்களே மெலிதானதைத்தானே கேட்கிறார்கள் என்பது அடுத்த வாதம். டிஸ்ப்ளே மாற்றும் செலவு போன் விலையில் பாதியைத் தொடும் என்று வாங்கும்போதே தெரிந்து, அதன் பிறகும் மெலிதானதை எடுத்தால் அதை விருப்பம் என்று ஏற்றுக்கொள்ளலாம். அந்தத் தகவலை மறைத்துவிட்டு வாங்கியவரின் விருப்பத்தைச் சாட்சிக்கு இழுப்பது முறையல்ல.

லித்தியம் பேட்டரி ஆபத்தானது, பழகாத கை பட்டால் வெடிக்கும் என்பது கனமான வாதம். உப்பிய பேட்டரியில் திருப்புளி குத்தினால் தீப்பிடிக்கும், உண்மைதான். ஆனால் அந்த ஆபத்தைக் கூட்டுவதே பசைதான். ஹீட் கன்னில் சூடேற்றி, நெம்பி, வளைத்து எடுக்க வைத்துவிட்டு, எடுப்பவர் கையைக் குறை சொல்கிறோம். சமையல் எரிவாயுவும் ஆபத்தானதே; ஆனால் பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் ரெகுலேட்டரைத் தானே கழற்றி மாட்டுகிறார், ஏனென்றால் அப்படி மாட்டுவதற்காகவே அது வடிவமைக்கப்பட்டது. பேட்டரிக்கும் அந்த அக்கறை காட்டப்பட வேண்டும். அதோடு, அசல் பேட்டரியும் பழுது நீக்கும் கையேடும் சிறு கடைகளுக்கு வெளிப்படையாக விற்கப்பட்டால், தரமற்ற காப்பி பேட்டரியின் சந்தை தானாகச் சுருங்கும். இன்று ஒரிஜினல் கேட்டால் கிடைப்பதில்லை என்பதால்தான் காப்பி விற்கிறது.

திருட்டுப் போன்களைப் பாகம் பாகமாக விற்பதைத் தடுக்கத்தான் பாகங்களை மென்பொருளால் பூட்டுகிறோம் என்கிறார்கள். திருட்டு வட சென்னைக்குத் தெரியாத துயரமல்ல. ஆனால் தொலைந்த போனின் ஐஎம்இஐ எண்ணை முடக்க 2023 மே முதல் சஞ்சார் சாத்தி வழியாக நாடு முழுவதும் ஏற்பாடு இருக்கிறது. திருடியதை முடக்கும் வழியைப் பலப்படுத்தலாம். அதற்காக, இரண்டு பழைய போன்களை வைத்து ஒன்றை உயிர்ப்பிக்கும் மெக்கானிக்கைத் திருடன் வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் போட்ட சட்டம் இந்தப் பூட்டையே தடை செய்கிறது. கடைக்காரர் நம் படங்களைப் பார்த்துவிடுவாரோ என்ற அச்சம் பெண்களுக்கு உண்டு; அது உண்மையான அச்சம். தகவலை மறைத்துவிட்டுப் பழுதுக்குக் கொடுக்கும் வசதியைச் சில நிறுவனங்கள் ஏற்கெனவே தங்கள் போன்களில் வைத்திருக்கின்றன. அதை எல்லாப் போன்களிலும் கட்டாயமாக்க வேண்டும்.

எனக்கு மிகவும் கடினமாகத் தோன்றும் எதிர்வாதம் விலை. பாகங்களைப் பல ஆண்டு இருப்பு வைக்கச் சொன்னால், திருகாணி போட்டு மூடச் சொன்னால், மலிவுப் போனின் விலை ஏறும்; அதை வாங்குவது ஏழைகள்தான் என்கிறார்கள். ஓரளவு ஏறக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் விலையை எதனால் வகுப்பது என்று கேட்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய்ப் போன் இரண்டு வருடத்தில் செத்தால் வருடத்துக்கு ஐயாயிரம். பதினோராயிரத்துக்கு வாங்கி, ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பேட்டரி மாற்றி, நாலு வருடம் ஓட்டினால் வருடத்துக்கு மூவாயிரம். இந்தக் கணக்கு நம் வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். அவர்கள் கேட்கும் நாலாவது கேள்வி, அதாவது பழசாகக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பது, இந்த வகுத்தலின் கடைசிப் படிதான். செகண்ட்ஸ் சந்தையில் விலை போகிற போன் எது? திறந்து சரிசெய்ய முடிகிற போன். அதை வாங்குபவர் இன்னும் ஏழை. பழுதுபார்ப்பை எளிதாக்கினால், புதுப் போனே வாங்க முடியாதவரின் கையிலும் ஒரு நல்ல போன் போய்ச் சேரும்.

கடைசியாக, விதிகளைக் கடுமையாக்கினால் ஆலைகள் வேறு மாநிலம், வேறு நாடு போய்விடும் என்ற பயம். நோக்கியா மூடியதைப் பார்த்த மாநிலம் இது. அந்தப் பயம் அர்த்தமற்றதல்ல. ஆனால் அந்த ஆலை மூடியதற்கும் பழுதுபார்க்கும் சட்டத்துக்கும் தொடர்பில்லை. அப்போது அப்படி ஒரு சட்டமே கிடையாது. தமிழ்நாடு 2024–25இல் 1,465 கோடி டாலருக்கு மின்னணுப் பொருட்களை ஏற்றுமதி செய்து நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் கைபேசிகளுக்கு, விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகள் உதிரி பாகம், ஐந்து ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு, பெட்டியிலேயே பழுதுபார்ப்புத் தரத்தைக் காட்டும் சீட்டு எல்லாம் கட்டாயம். இங்கே பாகம் பொருத்தித் தயாராகும் போன் ஐரோப்பாவுக்குப் போனால் இத்தனைக்கும் கட்டுப்பட வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் அதைப் பொருத்துகிற பெண் தனக்கென ஒரு போன் வாங்கினால் இதில் ஒன்றுக்கும் அவருக்குச் சட்ட உரிமை இல்லை. இங்கே மலிவாக விற்கும் மாடல்கள் பல வேறு நிறுவனங்களுடையவை என்பது தெரியும். அவற்றுக்கும் பாரிசில் விற்க ஆசை இருந்தால் அந்த விதிகளுக்குக் கட்டுப்படத்தான் வேண்டும். பாரிஸ்காரருக்குக் கொடுக்க முடிந்ததைப் பாரிமுனைக்காரருக்குக் கொடுக்க முடியாது என்பதை நான் ஏற்கவில்லை.

ஒன்றிய அரசின் சட்டம் வரும்வரை தமிழ்நாடு காத்திருக்கத் தேவையில்லை. 2025–26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக அரசு அறிவித்தது. இத்தனை கருவிகளை ஒரே கையால் வாங்குகிறவர் சொல்வதை எந்த நிறுவனமும் கேட்கும். இனி வரும் ஒவ்வொரு ஒப்பந்தப் புள்ளியிலும் பேட்டரியும் திரையும் எந்தக் கடைக்காரருக்கும் என்ன விலைக்கு, எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று எழுதி வாங்க வேண்டும். பழுது நீக்கும் கையேட்டைத் தமிழில் பொதுவில் வெளியிட வேண்டும் என்பதும் நிபந்தனையாக வேண்டும். வட சென்னை அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில், பல வருடமாகக் கடை நடத்தும் மெக்கானிக்குகளுக்குக் குறுகிய காலப் பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து, பழுதுபார்க்கும் வேலையை அவர்களுக்கே தர வேண்டும். காயலாங்கடைக்காரரையும் பிரிப்பவரையும் துரத்துவதற்குப் பதில், முகமூடியும் கருவியும் கூலியும் கொடுத்துப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களோடு இணைக்க வேண்டும். இதில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. வாங்குகிறவர் நிபந்தனை வைத்தால் போதும்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்து போன் வாங்கக் கடைக்குப் போகும்போது, அந்த மாடலின் டிஸ்ப்ளே விலையையும் பேட்டரி விலையையும் எத்தனை வருடம் பாகம் கிடைக்கும் என்பதையும் முதலில் கேளுங்கள். பதிலை பில்லின் பின்பக்கம் எழுதி, கடை முத்திரையோடு தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், கடைக்காரர் மேல் கோபப்படாதீர்கள். அவருக்கும் நிறுவனம் சொல்லவில்லை. அந்த மாடலை அங்கேயே வைத்துவிட்டு, எழுதித் தரும் மாடலை வாங்குங்கள்.